கைப்பிடியும் மனச்சாட்சியும்

பெரியவற்றைச் சிறியவை ஆளுகின்றன. யானையை அங்குசம் ஆளுகிறது. குதிரையைக் கடிவாளம் ஆளுகிறது. கப்பலைச் சுக்கான் ஆளுகிறது. நாவின் வலிமையை விளக்க வந்த திருத்தூதர் யாக்கோபு, தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கடிவாளத்தையும் சுக்கானையுமே உவமைகளாக எடுத்தாண்டார். அவர் நம் காலத்தவராய் இருந்திருப்பின் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரையும் அவ்வரிசையில் சேர்த்திருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஏறத்தாழ இருநூறு கிலோ எடையுள்ள ஓர் இயந்திரம், அதன்மேல் அமர்ந்திருக்கும் இருவர், அவர்களுக்காக வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்போர் ஆகிய அனைவரின் கதியும், பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர் விட்டமே உள்ள ஓர் உலோகக் குழாயைப் பற்றி நிற்கிறது.

அந்தக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தம் விருப்பத்திற்கேற்ற வேறொன்றை வீட்டு வாசலிலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இன்று நம் இளைஞரிடையே பரவி வருகிறது. ‘குழாயை மாற்றுவதில் அறநெறிக்கு என்ன வேலை? அது மெக்கானிக் பேச வேண்டிய பேச்சல்லவா?’ என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் வாழ்வின் பெரும் அறக்கேள்விகள் நீதிமன்றங்களிலும் போர்க்களங்களிலும் மட்டுமே எழுவதில்லை. கையில் ஸ்பேனருடன் ஒருவன் தனியே குந்தியிருக்கும் வாசலிலும் அவை எழுகின்றன. அத்தகைய ஒரு கேள்வியைச் சிறிது பொறுமையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டி வைத்த கால்கள், சற்றே உயர்ந்து அகன்ற கைப்பிடி, நெடுந்தொலைவை அவசரமின்றிக் கடக்கும் நடை. இவ்வமைப்புடைய வண்டிகளுக்குக் ‘க்ரூஸர்’ என்று பெயர். மோட்டார் சைக்கிள் தமிழகத்திற்கு அயலான பொருளன்று. 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. வடசென்னையின் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. பின்னர் 2001இல் எலிமினேட்டர், 2002இல் தண்டர்பேர்டு, 2005இல் அவெஞ்சர், 2020இல் மீட்டியோர் என்று க்ரூஸர் வகை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் சாலைகளில் இறங்கின. ஒரு காலத்தில் பண்ணையாரும் காவல்துறை அதிகாரியும் மட்டுமே ஏறிய பெருவண்டியை, இன்று மாதத் தவணை கட்டும் தொழிற்சாலை ஊழியரும் ஓட்டுகிறார்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் கிளியனூர். வார இறுதி நாள்களில் இச்சாலை வழியே செல்லும் பெருவண்டிகளைக் கண்டு மயங்காத இளைஞர் இங்கே குறைவு. கைகளைத் தோளுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, அரியணையில் அமர்ந்தவர்போல் ஒருவர் கடந்து போகிறார். பார்த்து நிற்கும் இளைஞனின் உள்ளத்தில் ஓர் ஆசை விழுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர் பலர், தம் வண்டிகளின் தேவையற்ற பகுதிகளை வெட்டியெறிந்து தம் மனம்போல் உருமாற்றிக்கொண்டனர். தலைக்கு மேலே உயரும் ஹேண்டில்பார்கள் அந்த மரபிலிருந்து வந்தவை. அவற்றைப் பிடித்திருப்பவர் கிளையில் தொங்கும் குரங்குபோல் தோன்றுவதால், அங்கே அதற்கு வழங்கும் பெயரிலும் குரங்கு இடம்பெற்றுவிட்டது. 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ என்னும் திரைப்படம் அத்தோற்றத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

இந்த ஆசை தவறா? அவசரப்பட்டுத் தவறு என்று சொல்லிவிடக் கூடாது. கருவியைத் தன் உடலுக்கேற்ப மாற்றிக்கொள்வது மனித இயல்பு. உழவர் தம் உயரத்திற்குப் பொருந்துமாறு மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறார். மீனவர் தம் கைக்கு அடங்குமாறு துடுப்பின் பிடியைச் சீவுகிறார். மரக்காணத்து உப்பளங்களில் நீண்ட கழி பூட்டிய பலகையால் உப்பை வாரும் பெண்ணும் தம் தோளுக்கு ஒத்த கழியைத்தான் தேர்ந்துகொள்கிறார். இவற்றை யாரும் ஆடம்பரம் என்பதில்லை. தொழிற்சாலையோ சராசரி மனிதன் ஒருவனைக் கற்பனை செய்துகொண்டு வண்டியை வடிக்கிறது. அந்தச் சராசரி மனிதன் நம் தெருவில் எங்கும் வசிப்பதில்லை. ஒருவருக்குக் கை நீளம், ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு முன்பு முறிந்து சேர்ந்த மணிக்கட்டு. கைப்பிடி இரண்டு அங்குலம் பின்னால் வந்தால் அவர்கள் நோவின்றி வேலைக்குச் சென்று வருவர்.

அழகுக்காக மாற்றுவதும் தன்னளவில் குற்றமன்று. பொங்கலுக்கு மாட்டின் கொம்பில் வண்ணம் தீட்டுகிறோம், தேர்ப்பவனிக்குத் தேரை மலர்களால் மூடுகிறோம், வாசலில் கோலமிடுகிறோம். இவற்றால் மாடு அதிகம் உழுவதுமில்லை, தேர் வேகமாய் ஓடுவதுமில்லை. பயன் கருதாத அழகும் மனித மாண்பின் ஓர் அடையாளமே. ஆகவே ஆசையைக் கண்டிப்பது என் நோக்கமன்று. அந்த ஆசை எதைக் கடந்து போகக் கூடாது என்பதே கேள்வி.

‘என் வண்டி, என் பணம், என் விருப்பம்’ என்பது இன்று அடிக்கடி கேட்கும் வாதம். நாட்டின் சட்டம் இதை முழுமையாக ஏற்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்கு விளக்கமளித்து, வண்டியின் அமைப்பையே மாற்றுவது தடைசெய்யப்பட்டது என்று உறுதிப்படுத்தியது. நிறம் மாற்றுவது, சிறு பொருள்களைப் பொருத்துவது போன்றவற்றை அதினின்று வேறுபடுத்திக் காட்டியது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. எனவே கடையில் விற்கிறது என்பதாலேயே ஒன்று சட்டத்திற்கு உகந்ததாகிவிடாது. தம் வண்டிக்கு எது தகும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது குடிமகனின் கடமை.

அதே சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்க, பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு இடமளிப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இருபுறமும் இணைப்புச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் தன்மானத்தோடு வேலைக்குச் செல்லும் சகோதரர்களை நம் ஊர்களில் காண்கிறோம். மாற்றம் என்பதையே சட்டம் பகைக்கவில்லை. பொறுப்பற்ற மாற்றத்தையே பகைக்கிறது. ஆயினும் சட்டம் தெருவோடு நின்றுவிடும் வேலி. வீட்டு வாசலில் எந்தப் போல்ட் எவ்வளவு முடுக்கப்பட்டது என்பதை அது காணாது. அதைக் காண்பவன் முடுக்குகிறவன் ஒருவனே. நம் கேள்வி உண்மையில் தொடங்குமிடம் அதுதான்.

அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பார்க்காமல் அறம் பேசினால் அது காற்றில் கட்டிய கோட்டையாகிவிடும். வண்டியைச் சமதரையில் அசையாது நிறுத்த வேண்டும். மின்கசிவைத் தவிர்க்கப் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். கழன்ற பாகம் விழுந்து கீறாமலிருக்கப் பெட்ரோல் டேங்கின்மேல் கனத்த துணியை விரிக்க வேண்டும். கண்ணாடிகள், சுவிட்ச்சுகள், கிளட்ச் லீவர், ஆக்ஸிலரேட்டர் பிடி ஆகியவற்றை வரிசை மாறாது கழற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிடாமல் நிமிர்ந்தபடியே கட்டி வைக்க வேண்டும். அது சாய்ந்தால் எண்ணெய்க் குழாயினுள் காற்று புகக்கூடும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. காற்று புகுந்த பிரேக்கில் லீவர் கைவரை வரும், வண்டியோ நிற்காது.

சுவிட்ச் பெட்டியின் உட்புறத்தில் அரிசி மணிபோல் ஒரு சிறு முளை இருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள துளையில் அது பொருந்தி, பெட்டி சுழலாமல் காக்கும். புதிதாய் வாங்கிய குழாயில் பல வேளைகளில் அத்துளை இருப்பதில்லை. உரிய இடத்தை அளந்து துளையிடுவது வேலையாகும் என்று, சிலர் அம்முளையை அரத்தால் ராவிவிடுகிறார்கள். வெளியே பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது. மழைநாளில் அவசரமாய் ஆக்ஸிலரேட்டரைத் திருப்பும்போது பெட்டியே சேர்ந்து சுழன்றால்தான் அந்த முளையின் அருமை விளங்கும்.

குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டுகளைக் கையேட்டில் குறித்த வரிசையிலும் அளவிலும் முடுக்க வேண்டும். அவ்வளவை நியூட்டன் மீட்டர் என்னும் அலகால் குறிப்பார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கழியின் நுனியில் இரண்டு கிலோ எடையைத் தொங்கவிட்டால் எழும் முறுக்கம் ஏறத்தாழ இருபது நியூட்டன் மீட்டர். குறைந்தால் குழாய் நழுவும். கூடினால் மரை அழியும். டார்க் ரெஞ்ச் என்னும் அளவுகோல் ஸ்பேனர் இல்லாமல் ‘கைக்கணக்கில்’ முடுக்குகிறவன் தன் கையைத் தெய்வமாக்கிக்கொள்கிறான். எங்கள் கடற்கரைப் பகுதியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு விரைந்து துருவேறுகிறது. துருவேறிய மரையில் போல்ட்டை முடுக்கினால் நம் வலிமையின் பெரும்பகுதியை உராய்வே விழுங்கிவிடும். ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், கிளாம்போ இறுகியிராது. அளவுகோல்கூட ஏமாறும் இடம் இது. எனவே மரையைத் துடைத்துச் சுத்தம் செய்வதும், சில நாள் ஓடிய பின் மீண்டும் சரிபார்ப்பதும் இங்கே கட்டாயம்.

இறுதியாக ஒரு சோதனை. வண்டியை நிறுத்தியபடி இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடப்புறம் முழுவதும், பிறகு வலப்புறம் முழுவதும் ஒடிக்க வேண்டும். அப்போது இன்ஜினின் ஓசை தானாக உயர்ந்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். உயரமான ஹேண்டில்பாருக்குப் பழைய கேபிளும் பழைய பிரேக் குழாயும் நீளம் போதாமல் போவது இயல்பு. அவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினால் பிரேக்கிலிருந்து காற்றை முறைப்படி வெளியேற்ற வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், இது பயிற்சியும் தக்க கருவியும் உள்ளவர் கையில் விட வேண்டிய வேலையாகிவிட்டது.

எம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் ஒரு ஞாயிறு பிற்பகல் இவ்வேலையில் இறங்கியிருந்தான். செய்நேர்த்தி உள்ளவன், முளைக்குரிய துளையைக்கூட அளந்து இட்டிருந்தான். அன்று மாலை நண்பன் வீட்டுத் திருமண வரவேற்பு. புதுக்கோலத்தில் வண்டி அங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவன் கனவு. வீடு சந்திக்கச் சென்ற என்னைக் கண்டதும் பெருமையோடு வண்டியைக் காட்டினான். திண்ணையில் அமர்ந்திருந்தார் அவன் தந்தை. நாற்பதாண்டுகள் உப்பளத்தில் உழைத்தவர். மகன் ஹேண்டிலை வலப்புறம் ஒடித்தபோது பிரேக் குழாய் விறைத்து நின்றதை அவர் கண்டுவிட்டார்.

“அது ஏன்டா அப்படி இழுத்துக்கிட்டு நிக்குது?” என்றார்.

“நேரா ஓட்டும்போது ஒண்ணும் தெரியாதுப்பா. முழுசா ஒடிச்சாத்தான் கொஞ்சம் இழுக்குது. பெரிய குழாய்க்குச் சொல்லியிருக்கேன், அடுத்த வாரம் வந்துரும்.”

“ரோடு நேராவேதான் போவுமா? நாயி குறுக்க வந்தா என்ன பண்ணுவ? பின்னாடி யாரு ஒக்காரப் போறா?”

மகன் பதில் சொல்லவில்லை. பின்னால் அமரப் போகிறவள் அவன் மனைவி. ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்க சாமி, மெதுவாத்தானே போகப் போறோம்?” என்று கேட்டான். நான் என்ன சொன்னாலும் அது என் முடிவாகிவிடுமேயன்றி அவனுடையதாகாது என்று எண்ணி, “உனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியுமா தம்பி?” என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் அவன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றும் பேசாமல் அலன் கீயை எடுத்தான். இரண்டு மணி நேரம் பூட்டியதை மீண்டும் கழற்றி, பழைய ஹேண்டில்பாரையே பொருத்தினான். வரவேற்புக்குத் தாமதமாகப் போனார்கள்; பழைய வண்டியிலேயே போனார்கள். ஏன் தாமதம் என்று மனைவி கடிந்துகொண்டதாகவும் பின்னர் அறிந்தேன்.

இந்நிகழ்வில் நம் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. அவன் செய்தது நற்செயல். ஆனால் அதற்கு எந்தச் சான்றும் இல்லை. அன்று நாய் குறுக்கே வந்ததா? வரவில்லை. புதிய ஹேண்டிலோடு போயிருந்தால் குழாய் அறுந்திருக்குமா? ஒருவேளை ஒன்றுமே நேர்ந்திராது. நிகழ்ந்த விபத்துக்குச் செய்தித்தாளில் இடமுண்டு. நிகழாத விபத்துக்குச் செய்தியில்லை. அதைத் தடுத்தவனுக்கு மாலையும் இல்லை, நன்றியும் இல்லை. அவனுக்கே தான் தடுத்தோமா என்பது தெரியாது. பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் முகம் மலர்வதைக் காணலாம். ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்கினால் மலர்வதற்கு எந்த முகமும் இல்லை. எதுவும் நடக்காதிருப்பதே அந்த அறத்தின் கனி. இத்தகைய கனியற்ற கனிக்காக உழைப்பதற்கு மனத்திடம் வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கலைத்திறனையும் விவேகத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். செய்யப்படும் பொருள் நன்றாக அமைய வேண்டும் என்பதைப் பார்ப்பது கலைத்திறன். செய்கின்ற மனிதனின் செயல் நன்றாக அமைய வேண்டும் என்பதைப் பார்ப்பது விவேகம். இரண்டும் அறிவின் பண்புகளே. ஆயினும் அளவுகோல் வேறு. தெரியாமல் பிழைசெய்யும் கொல்லனைவிட, தெரிந்தே ஒரு பிழையைச் செய்து காட்டும் கொல்லன் திறமையில் உயர்ந்தவன். வாழ்விலோ இது தலைகீழாகிறது. தெரியாமல் தவறியவனைவிடத் தெரிந்தே தவறியவனே தாழ்ந்தவன். இந்நுட்பத்தை நம் இளைஞனுக்குப் பொருத்திப் பார்ப்போம். குழாய் விறைப்பதை அறியாதிருந்தால் அவன் திறமையில் குறையுடையவன். அறிந்தபின்னும் புறப்பட்டிருந்தால் அவன் திறமைக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. குறை அவனுக்கே நேர்ந்திருக்கும். ‘நன்றாகப் பொருத்தினேனா?’ என்பது கையை நோக்கிய கேள்வி. ‘இதை இன்று ஓட்டுவது நன்றா?’ என்பது மனிதனை நோக்கிய கேள்வி. முன்னதற்கு நல்ல விடை கிடைத்தவுடன் பின்னதை மறந்துவிடுவதுதான் திறமைசாலிகளுக்கு வரும் சோதனை.

‘என் பொருள்’ என்னும் வாதத்திற்கும் திரும்புவோம். இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டைச் சேராதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வீடு அவருடையது, பணம் அவருடையது, மாடியும் அவருடையதே. ஆனால் அம்மாடியில் ஏறப்போகும் விருந்தாளியின் உயிர் அவருடையதன்று. அவன் யார், எப்போது வருவான், வருவானா என்பதே தெரியாத நிலையிலும் அவனுக்காகச் சுவர் எழும்ப வேண்டும். உடைமை உரிமையை எவ்வளவு அழகாக இக்கட்டளை எல்லைப்படுத்துகிறது! பொருள் என்னுடையதாக இருக்கலாம். அதன்மேல் பிறர் வைக்கும் நம்பிக்கை என்னுடையதன்று. அது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்.

மோட்டார் சைக்கிளில் இந்நம்பிக்கை மூன்று வட்டங்களாக விரிகிறது. முதல் வட்டம் ஓட்டுபவரின் உடல். கைகள் நெடுநேரம் இதயத்திற்கு மேலே உயர்ந்திருந்தால் குருதியோட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரல் பிரேக்கைத் தேடுவதற்குள் காலம் கடந்துவிடும். இரண்டாம் வட்டம் பின்னே அமர்ந்திருப்பவர். நம் பெண்களில் பலர் இன்றும் ஒருபக்கமாகவே அமர்கின்றனர். கையில் குழந்தையும் இருக்கும். அவர்களுக்குப் பிடி இல்லை, பிரேக் இல்லை, நம்பிக்கை ஒன்றே உண்டு. மூன்றாம் வட்டம் சாலையில் செல்லும் முன்பின் அறியாதவர். விடியுமுன் உப்பளத்திற்கு ஓரமாக நடந்துசெல்லும் தொழிலாளி அவ்வண்டியின் ஹேண்டில்பார் மாற்றப்பட்டதையே அறியமாட்டார். தம் உயிர் நான்கு போல்ட்டுகளைச் சார்ந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அறியாதவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை ஏற்பவனே அறவாழ்வில் அடியெடுத்து வைத்தவன்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘கடையில் கொடுத்தால் மட்டும் ஒழுங்காகச் செய்துவிடுவார்களா? நாளைக்கு இருபது வண்டி பார்க்கும் மெக்கானிக்கைவிட, தன் ஒரே வண்டியைத் தானே பார்ப்பவனுக்குக் கவனம் அதிகமல்லவா?’ இதில் உண்மை இருக்கிறது. தன் கையால் செய்பவன் தன் வண்டியை அறிகிறான். எதன்மீது அமர்ந்து போகிறோம் என்பதே தெரியாத வெறும் நுகர்வோனாக அவன் இருப்பதில்லை. உடலுழைப்பின் மாண்பை எப்போதும் போற்றிவரும் நாம் இதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் கடையில் ஒருவர் முடுக்கியதை மற்றொருவர் பார்க்க வாய்ப்புண்டு. குறை நேர்ந்தால் கேட்க ஆள் உண்டு. வீட்டிலோ செய்பவனும் சோதிப்பவனும் மன்னிப்பவனும் ஒருவனே. தேர்வு எழுதியவனே தாளைத் திருத்துவது போன்ற நிலை இது. ஆகவே வீட்டு வேலைக்கு எளிய நீதி போதாது. இருமடங்கு நீதி வேண்டும். ‘இது என் அறிவுக்கு அப்பாற்பட்டது’ என்று பாதியில் நிறுத்தி, தெரிந்தவரிடம் வண்டியைத் தள்ளிச் செல்லும் பணிவும் அந்நீதியில் அடங்கும்.

பணிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேகமாகச் செல்லும் இருசக்கர வண்டியை வலப்புறம் திருப்ப, ஹேண்டிலின் வலப்பக்கத்தை மெல்ல முன்னே தள்ள வேண்டும்; அதாவது சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்பியே வண்டி வலப்புறம் சாய்கிறது. வியப்பாகத் தோன்றும், ஆனால் உண்மை. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களுள் வில்பர் ரைட் பல சைக்கிளோட்டிகளை விசாரித்து, தாம் எவ்வாறு திரும்புகிறோம் என்பதைச் சரியாகச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை என்று கண்டார். நாவு அறியாததைக் கை அறிந்திருக்கிறது. பல ஆண்டுப் பழக்கத்தால் கை சேர்த்துவைத்த அறிவு அது. ஹேண்டில்பாரின் அகலமும் உயரமும் மாறும்போது அந்த அறிவின் கணக்குகளும் மாறிவிடுகின்றன. கை புதிதாய்ப் பாடம் படிக்க வேண்டும். நற்பண்பும் ஒரு பழக்கமே என்று மறைநூல் அறிஞர்கள் சொல்வதை இங்கே நினைவுகூரலாம். பழக்கம் முதிரும்வரை மெதுவாகவும் தனியாகவும் ஓட்டிப் பார்ப்பது கோழைத்தனமாகாது.

மரக்காணத்து உப்பளங்களில் பருவம் தொடங்குமுன் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். வெயிலில் நாள்கணக்காக நடக்கும் கடும் உழைப்பு அது. மிதி குறைந்தால் சேறு கலந்து உப்பு கறுக்கும். ஆனால் தொலைவிலுள்ள ஏதோ ஒரு வீட்டில் அவ்வுப்பை உலையில் இடும் தாய் பாத்தியையும் பார்த்ததில்லை, மிதித்த பாதத்தையும் பார்த்ததில்லை. உப்பு வெள்ளையாக இருப்பதை அவள் வியப்பதுமில்லை. உப்பு என்றால் வெள்ளைதானே என்று எண்ணுகிறாள். இப்படி எண்ணுவதற்கு அவளுக்கு முடிகிறதென்றால், காணாத இடத்தில் யாரோ ஒருவர் ஒழுங்காக உழைத்திருக்கிறார் என்பதே காரணம். நாம் ஒவ்வொரு நாளும் அச்சமின்றிக் கண்விழித்து, சாலையைக் கடந்து, மருந்தை விழுங்கி, பேருந்தில் உறங்கி வீடு திரும்புவதெல்லாம் இத்தகைய காணாத உழைப்பாளர்களின் தயவால்தான்.

ஆகவே வண்டியை அழகுபடுத்த விரும்பும் இளைஞரைத் தடுக்க வேண்டாம். சட்டத்தைக் கேட்டறியட்டும், கையேட்டைப் படிக்கட்டும், தேவையான நீளமுள்ள கேபிளும் குழாயும் வரும்வரை காத்திருக்கட்டும், அம்முளையை ராவாதிருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியைத் தம்மிடமே கேட்கட்டும்: ‘இதில் எனக்கு மட்டும் தெரிந்த குறை ஏதேனும் உண்டா?’ இல்லையென்றால் மகிழ்வோடு புறப்படலாம். உண்டென்றால், அக்குறையை அறியாத ஒருவர் அவ்வண்டியில் ஏறுமுன் அதை நீக்கியாக வேண்டும்.

இக்கேள்வி மோட்டார் சைக்கிளோடு முடிவதில்லை. வீடு கட்டும் கொத்தனாரும், மருந்து கலக்கும் செவிலியரும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியரும், பீடத்தில் நின்று பேசும் குருவும் தத்தம் வேலையின் முடிவில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. பிறர் கண்ணுக்குத் தெரியும் பகுதியை நாம் மெருகிடுகிறோம்; அது நம் பெருமை. பிறர் கண்ணுக்குத் தெரியாத பகுதியை அளந்து இறுக்குகிறோமா என்பதில் இருக்கிறது நம் அன்பு.